காத்திருக்கத் தெரியாத கோப்புகள்

தலைச்சோலையில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவருக்குச் சிட்டா வேண்டுமென்றால் இப்போது ஏற்காடு தாலுகா அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை. மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் என்று கைபேசியில் தட்டினால் ‘தமிழ்நிலம்’ தரவுத்தளத்திலிருந்து விவரம் வந்துவிடுகிறது. தாளில் ஒரு குறிப்பு எண்ணும் க்யூஆர் குறியும் இருக்கும். தாள் மெய்தானா என்று சந்தேகம் வந்தால் அந்த எண்ணை அரசின் இணையச் சேவையில் உள்ளிட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இந்த வசதிக்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. இன்றைய மென்பொருளும் சர்வரும் 2050-இல் இதே வடிவில் இருக்கப்போவதில்லை. ‘2025-இல் இந்தப் புல எண் யார் பெயரில் இருந்தது?’ என்று அன்றைக்கு ஒரு நீதிமன்றம் கேட்டால், பதிலை எங்கிருந்து எடுப்பார்கள்?

இதே கேள்வியைக் காகிதத்திடம் கேட்டால் பதில் கிடைக்கிறது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி சேலமும் பாராமகாலும் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து தீர்வை விதித்தார்கள். அவர்கள் காலத்துக் கடிதங்களும் கணக்குகளும் ‘பாராமகால் ஆவணங்கள்’ என்ற பெயரில் பின்னாளில் அச்சேறின. சென்னை எழும்பூரில் 1909-இல் கட்டிய செந்நிறக் கட்டடத்தில், மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸ் என்று தொடங்கி இன்று தமிழ்நாடு ஆவணக் காப்பகமாக இருக்கும் இடத்தில், இப்படிப்பட்ட பழைய ஆவணங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. 200 ஆண்டு கடந்த ஒரு தாளைப் படிக்க ஆங்கிலமும் பொறுமையும் போதும். வேறு எந்தக் கருவியும் வேண்டாம்.

2000-ஆம் ஆண்டு கணினியில் தட்டிய ஒரு கடிதத்தைப் படிக்க அது போதாது. பழையதைக் காப்பதில் உள்ள சிக்கல் இப்போது தலைகீழாகிவிட்டது: 1792 பத்திரமாக இருக்கிறது, 2000 ஆபத்தில் இருக்கிறது.

ஒரே மலை, இரண்டு காப்பகம்

ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலையில் அரசு என்பது ஒன்றல்ல. வட்டாட்சியர் அலுவலகம், ஊராட்சி ஒன்றியம், வனத்துறை ஆகியவை மாநில அரசுக்குரியவை. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 1963-இல் ஏற்காட்டில் தொடங்கிய ஆர்க்கிட் தோட்டம் மத்திய அரசுக்குரியது. 1942-இன் காப்பிச் சட்டத்தின் கீழ் இயங்கும் காப்பி வாரியமும் அப்படியே. ஆகவே ஒரே மலையில் பிறக்கும் கோப்புகளுக்குப் போய்ச் சேரும் இடம் இரண்டு.

மத்திய அரசு அமைப்புகளின் பதிவுகளுக்குப் பொது ஆவணங்கள் சட்டம், 1993 பொருந்தும். அவற்றில் நிரந்தர மதிப்புள்ளவை இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். 1891-இல் கல்கத்தாவில் தொடங்கி, பின்னர் தில்லிக்குக் குடிபெயர்ந்த நிறுவனம் அது. கணினியோ வேறு கருவியோ உருவாக்கிய பொருளும் பொது ஆவணமே என்று அந்தச் சட்டம் வரையறுக்கிறது. இணையம் இந்தியாவில் பொதுமக்களுக்கு வருவதற்கு முன்பே எழுதிய வரி இது. முறைப்படி அல்லாமல் ஆவணத்தை அழிப்பவருக்கு 5 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

மாநில அரசின் கோப்புகள் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. அவற்றை மாநிலத்தின் அலுவலக நடைமுறைகளும் ஆணைகளும் நடத்துகின்றன. அரசுக் கடிதம் பெற்றவர்கள் எல்லோரும் ‘ந.க.எண்’ என்ற எழுத்துகளைப் பார்த்திருப்பார்கள். நடவடிக்கை முடியாத கோப்பு என்பதன் அடையாளம் அது. கோப்பு முடிந்ததும் அதன் ஆயுளையும் அங்கேயே எழுதிவிடுவார்கள். ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு, நி.மு. என்றால் நிரந்தரம். மாவட்ட அலுவலகப் பதிவறையில் கட்டுகளைப் பிரித்து அடுக்கும் ஊழியருக்கு இந்த இரண்டெழுத்துதான் வழிகாட்டி. எதைக் காப்பது, எதைக் கழிப்பது என்ற முடிவை ஒவ்வொரு கோப்பிலும் பதிக்கும் இந்தப் பழக்கம் பழையது. ஆனால் மின்கோப்புக்கும் தேவையான முதல் தகவல் இதுவே.

பிரச்சினை காலக்கெடுவில் இருக்கிறது. நிரந்தர மதிப்புள்ள கோப்பை 25 ஆண்டுகள் அலுவலகத்திலேயே வைத்திருந்துவிட்டு, பிறகு தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புவது மத்திய அரசின் விதி. காகிதத்துக்கு அது நியாயமான கணக்கு. கரையானும் மழை ஒழுக்கும் இல்லாத அறையில் போட்டு மறந்தால்கூட 25 ஆண்டு தாங்கும். ஏற்காட்டு மழைக்காலத்துப் பூஞ்சை பிடித்த தாளைக்கூட நிபுணர் கையில் கொடுத்து ஓரளவு மீட்கலாம். அதே விதியை மின்கோப்புக்கு அப்படியே வைத்தால் என்ன ஆகும்? 2000-இல் முடிந்த கோப்பு 2025-இல் காப்பகத்தின் வாசலுக்கு வரும். வரும்போது 1.44 எம்பி ஃபிளாப்பியில், இன்று எந்தக் கணினியிலும் இல்லாத ஒரு ஃபாண்டில் வரும்.

கௌரியும் கெளரியும்

ஃபிளாப்பியைப் படிக்கும் கருவியைத் தேடிப்பிடித்துவிடலாம். ஃபாண்ட் அதைவிடப் பெரிய சிக்கல். தமிழுக்கே உரிய தலைவலி இது.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற உடன்பாடு இருந்தால்தான் திரையில் தமிழ் தெரியும். 1990-களில் ஆளுக்கொரு உடன்பாடு இருந்தது. 1999-இல் சென்னையில் நடந்த ‘தமிழ்நெட் 99’ மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளைத் தரமாக ஏற்றது. அதற்குப் பிறகும் அலுவலகங்களில் வானவில் போன்ற தனி ஃபாண்டுகள் கொடிகட்டிப் பறந்தன. 2010 ஜூனில் யூனிகோடையும் டேஸ்-16 முறையையும் அரசு தரமாக்கியது. அதற்கு முன் தட்டிய கடிதங்களை அந்தந்த ஃபாண்ட் இல்லாத கணினியில் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த ஒரு குவியல்தான் தெரியும். கோப்பு கெடவில்லை; ஒரு பிட்கூட மாறவில்லை. ஆனாலும் படிக்க முடியாது.

மாற்றித் தரும் மென்பொருள்கள் உண்டு. ஆனால் அது நேரடியாக ஒன்றுக்கு ஒன்று மாற்றும் வேலையில்லை. பழைய ஃபாண்டுகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தைச் சேமித்தன. ‘கொ’ என்பதற்கு ஒற்றைக் கொம்பு, க, கால் என்று மூன்று குறிகள். யூனிகோடு ஒலியின் வரிசையில் போகிறது. அதே ‘கொ’வுக்கு க, அதன்பின் ஒகரக் குறி என்று இரண்டே. மாற்றும்போது ஒவ்வொரு கொம்பையும் பின்னால் தள்ளி, காலோடு சேர்த்து ஒன்றாக்க வேண்டும். இதில் ஔகாரம் மாட்டிக்கொள்கிறது. அதன் இரண்டாம் பாதி பார்வைக்கு ‘ள’ போலவே இருப்பதால், ‘கௌரி’ என்பது ‘கெளரி’ ஆகிவிடுகிறது. திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. கணினித் தேடலுக்கு இரண்டும் வேறு வேறு ஆட்கள். நிலத்தின் உரிமையாளர் கௌரியாக இருந்து, பதிவேட்டில் கெளரி இருந்தால், தேடுபவருக்கு ‘பதிவு இல்லை’ என்றே பதில் வரும்.

பிடிஎஃப் ஆக்கிவிட்டால் தப்பலாமா? பாதி தப்பலாம். நெடுங்காலம் காப்பதற்கென்றே பிடிஎஃப்-ஏ என்ற தரம் 2005-இல் வந்தது. ஃபாண்டைக் கோப்புக்குள்ளேயே பொதிந்து வைக்க வேண்டும் என்பது அதன் முக்கிய நிபந்தனை. ஆகவே 50 ஆண்டு கழித்தும் பக்கம் தமிழாகவே தெரியும். ஆனால் பொதிந்தது பழைய ஃபாண்டாக இருந்தால், ஒரு சொல்லைத் தேடினாலோ நகலெடுத்து ஒட்டினாலோ மறுபடி அந்தக் குவியல்தான் வரும். ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோடு இணை இருந்தாக வேண்டும் என்று கேட்பது 2011-இல் வந்த இரண்டாம் பகுதியின் ‘யு’ நிலை. தமிழ் அலுவலகங்கள் கேட்டு வாங்க வேண்டியது அதைத்தான்.

‘ஏற்காடு’ என்பதன் கூட்டுத்தொகை

அலுவலகத்திலிருந்து கிளம்பிய கோப்பு காப்பகத்துக்கு அப்படியே வந்து சேர்ந்ததா? வந்த பிறகு யாரும் ஓர் எழுத்தை மாற்றவில்லையா? காகிதத்தில் திருத்தினால் சுரண்டிய தடம் தெரியும். மின்கோப்பில் தடமே இருக்காது. ஆகவே தடத்தைக் கணக்கால் உண்டாக்குகிறார்கள்.

யூனிகோடில் ‘ஏற்காடு’ ஏழு எண்கள்: 2959, 2993, 3021, 2965, 3006, 2975, 3009. மூன்றாவது எண் ‘ற’ மீதுள்ள புள்ளி, ஐந்தாவது கால், கடைசி உகரக் குறி. எல்லாவற்றையும் கூட்டினால் 20928. இந்த எண்ணைத் தனியே குறித்துக்கொண்டு சொல்லை அனுப்புகிறோம் என்று வையுங்கள். வழியில் ‘ஏ’ குறிலாகி ‘எற்காடு’ என்று போனால் கூட்டுத்தொகை 20927. ஒன்று குறைகிறது, தவறு பிடிபடுகிறது. ஆனால் ககரமும் டகரமும் இடம் மாறி ‘ஏற்டாகு’ என்று போனால்? கூட்டுத்தொகை அதே 20928. வரிசை மாறியதை வெறும் கூட்டல் கண்டுபிடிக்காது.

ஆதார் எண்ணின் 12-ஆவது இலக்கம் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான சரிபார்ப்பு. ஓர் இலக்கம் தவறினாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அது கைத்தவறுக்குத்தான் காவல். வேண்டுமென்றே மாற்றுபவர் அந்த இலக்கத்தையும் சேர்த்தே மாற்றிவிடுவார். காப்பகங்கள் பயன்படுத்துவது ஹாஷ் என்ற கணக்கு. ஷா-256 என்ற முறையில் ஒரு பக்கக் கடிதத்தைப் போட்டாலும், ஒரு வட்டத்தின் நிலப்பதிவு முழுவதையும் போட்டாலும், 64 குறிகள் கொண்ட ஒரே நீள விடை வரும். உள்ளே ஒரு புள்ளி மாறினால் விடை முழுவதுமே அடையாளம் தெரியாமல் மாறும். அதே விடை வருமாறு இன்னொரு கோப்பைத் திட்டமிட்டு உண்டாக்க இதுவரை யாருக்கும் வழி கிடைக்கவில்லை.

கல்யாண வீட்டில் சீர்வரிசை அனுப்பும்போது பட்டியலும் கூடவே போகும். மாப்பிள்ளை வீட்டில் ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்த்த பிறகுதான் உள்ளே எடுத்து வைப்பார்கள். மின்கோப்பு ஒப்படைப்பும் இதே ஏற்பாடு. ‘பேகிட்’ என்ற உலக வழக்கில், கோப்புகள் ஓர் உறையிலும், ஒவ்வொரு கோப்பின் பெயரும் ஹாஷும் ஒரு பட்டியலிலும் போகும். காப்பகம் தானே மறுபடி ஹாஷ் கணக்கிட்டு, ஒவ்வொன்றும் பட்டியலோடு ஒத்தால் மட்டும் கையெழுத்திடும். ஒப்படைத்தவர் தம் நகலை அதற்குப் பிறகே அழிக்கலாம்.

இது நூலகத்துக்காரர்களின் நுணுக்கம் மட்டுமல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி, மின்பதிவைச் சாட்சியமாக வைப்பவர் தரும் சான்றிதழில் ஹாஷ் மதிப்பும் இருக்க வேண்டும்.

பட்டா ஒரு தாள் இல்லை

கடிதம், வரைபடம், தீர்மானப் புத்தகம் ஆகியவற்றுக்கு இவ்வளவு போதும். தரவுத்தளத்துக்குப் போதாது. பட்டா பெயர் மாற்றம் நடக்கும்போது காகிதப் பதிவேட்டில் பழைய பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் புதிய பெயரை எழுதினார்கள். அடித்ததும் படிக்கக் கிடைத்தது. தரவுத்தளத்தில் வடிவமைப்பவர் வரலாற்றுக்கு இடம் விடாவிட்டால், புதிய பெயர் பழைய பெயரின் மேல் ஏறி அமர்ந்துவிடும். கீழே இருந்தது யார் என்று கேட்க வழி இருக்காது. அதனால் குறிப்பிட்ட நாளில் நிலவரம் என்ன என்று முழுத் தரவுத்தளத்தையும் அவ்வப்போது நிறுத்திப் படியெடுத்து, எந்த நிரலின் பொருள் என்ன என்ற விளக்கத்தோடு காப்பகத்துக்குத் தர வேண்டும். சுவிட்சர்லாந்தின் கூட்டாட்சி ஆவணக் காப்பகம் இதற்கென்றே சியார்டு என்ற திறந்த வடிவத்தை உண்டாக்கியிருக்கிறது. எந்த நிறுவனத்தின் மென்பொருளில் பிறந்த தரவானாலும் அதில் எளிய உரைவடிவமாக இறக்கி வைக்கலாம்.

டிஜிட்டல் கையொப்பத்திலும் இதே போன்ற பொறி இருக்கிறது. கையொப்பத்துக்குப் பின்னால் நிற்கும் சான்றிதழ் பொதுவாக 1 முதல் 3 ஆண்டுக்குள் காலாவதியாகும். மன்றோவின் மைக் கையெழுத்துக்குக் காலாவதி தேதி இல்லை. வட்டாட்சியரின் மின்கையொப்பத்துக்கு உண்டு. 25 ஆண்டு கழித்து அதைச் சரிபார்க்கப் போனால், சான்றளித்த நிறுவனமே இல்லாமல் போயிருக்கலாம். ஆகவே கையொப்பம் செல்லுபடியாக இருக்கும்போதே சரிபார்த்து, ‘இன்ன நாளில் சரிபார்த்தோம், சரியாக இருந்தது’ என்ற குறிப்பைக் கோப்போடு பூட்டி வைக்க வேண்டும்.

பேக்கப் எடுத்தால் போதாதா?

கணினித் துறையில் இருப்பவர்கள் முதலில் சொல்லும் பதில் இது. பேக்கப் என்பது நேற்றைய நிலைக்குத் திரும்பும் ஏற்பாடு. புதியது வர வர பழையது அழியும். தவறான பதிவையும் அது விசுவாசமாக நகலெடுக்கும். காப்பகத்தின் வேலை, இந்தக் கோப்பை யார், எதற்காக, எந்தக் கோப்பின் தொடர்ச்சியாக உண்டாக்கினார் என்ற சூழலோடு காப்பது. இதற்கான உலகப் பொது மாதிரியை விண்வெளி ஆய்வு நிறுவனங்கள்தான் வகுத்தன. ஒருமுறை அனுப்பிய விண்கலத்தின் தரவைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால் அவர்களுக்கு இந்தக் கவலை முன்பே வந்துவிட்டது. ஓஏஐஎஸ் என்ற அந்த மாதிரி 2003-இல் ஐஎஸ்ஓ 14721 என்ற தரமானது. ஒப்படைக்கும் பொதி, காத்து வைக்கும் பொதி, படிப்பவருக்குத் தரும் பொதி என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது அது. காக்கும் பொதி மாறாமல் இருக்க, படிப்பவருக்குத் தரும் நகல் காலத்துக்கேற்ற வடிவில் போகலாம்.

சேமிக்கும் ஊடகமும் நிலையானதல்ல. எல்டிஓ காந்த நாடா 30 ஆண்டு தாங்கும் என்பார்கள். ஆனால் ஒன்பதாம் தலைமுறைக் கருவி எட்டாம் தலைமுறை நாடா வரைதான் படிக்கும், ஏழாவதைத் தொடாது. நாடா உயிரோடு இருக்கும்போதே கருவி செத்துவிடும். அதனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புதிய ஊடகத்துக்கு மாற்றி, ஹாஷை மறுபடி சரிபார்த்து, வெவ்வேறு ஊர்களில் நகல் வைப்பது முடிவில்லாத வேலை. கட்டடம் கட்டித் திறந்துவிட்டால் தீரும் செலவில்லை இது. சம்பளம் போல ஆண்டுதோறும் வரும்.

இந்தியா இதில் வெறுங்கையோடு இல்லை. புனேயில் உள்ள சி-டாக் நிறுவனத்தில் மின்காப்புக்கான சிறப்பு மையம் உண்டு. 2013-இல் மின்பதிவுகளைக் காப்பதற்கான தரத்தை மத்திய அரசு அறிவித்தது. எங்கே பிறந்தது, யார் கையில் இருந்தது, என்ன வடிவம், ஹாஷ் என்ன, கையொப்பம் யாருடையது, யார் பார்க்கலாம் என்ற விவரங்கள் கோப்போடு போக வேண்டும் என்று அது கேட்கிறது. சி-டாக் செய்த மென்பொருளில் இயங்கும் தேசியப் பண்பாட்டு ஒலி-ஒளிக் காப்பகம் 2017-இல் ஐஎஸ்ஓ 16363 தரச்சான்று பெற்றது. உலகிலேயே அந்தச் சான்று பெற்ற முதல் களஞ்சியம் அது. இசை நாடாக்களுக்குக் கைவந்த இந்த நேர்த்தி, தாலுகா கோப்புக்கு வராமல் போகக் காரணமில்லை. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் 2024 ஜூன் 30-க்குப் பிறகு, சில விலக்குகள் தவிர, துறைகளிடமிருந்து காகிதம் வாங்குவதையே நிறுத்திவிட்டது. அரசே மின்வடிவில் நடக்கும்போது காப்பகம் மட்டும் காகிதத்துக்குக் காத்திருக்க முடியாது என்பது அவர்கள் கணக்கு.

மலைக்கு ஏன் இது முக்கியம்

சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிகளுக்கு ஆவணம் என்பது அன்றாட விஷயம். 2006-இன் வன உரிமைச் சட்டப்படி உரிமை கேட்பவர், 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அந்த வனத்தில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தையும் சாட்சியமாக ஏற்கும் விதிகள், அதோடு கெசட்டியர், மக்கள்தொகைக் கணக்கு, நில அளவை அறிக்கை, வரைபடம், வீட்டுவரி ரசீது போன்ற அரசுப் பதிவுகளையும் பட்டியலிடுகின்றன. 1970-இல் எழுதிய வரிப் பதிவேடு பரணில் இருந்தால் இன்றைக்குச் சாட்சியாகும். இன்று கிராமசபைத் தீர்மானமும் வரி ரசீதும் வனத்துறை வரைபடமும் மின்வடிவில் பிறக்கின்றன. 2060-இல் ஒரு பேத்தி தன் உரிமையை நிறுவ இவற்றைத் தேடுவாள். அவை கிடைக்குமா என்பதை இப்போதே முடிவு செய்துகொண்டிருக்கிறோம், பெரும்பாலும் நமக்குத் தெரியாமலே.

ஏனென்றால் மின்கோப்பின் ஆயுள் தீர்மானமாவது காப்பகத்தில் இல்லை, மென்பொருளுக்கு டெண்டர் எழுதும் மேசையில். ‘தரவு முழுவதையும் திறந்த வடிவில், விளக்கத்தோடு, அரசு கேட்கும்போதெல்லாம் இறக்கித் தர வேண்டும்’ என்ற ஒரு நிபந்தனை அங்கே இல்லாவிட்டால், 25 ஆண்டு கழித்து வரும் ஆவணக் காப்பாளரால் எதுவும் செய்ய முடியாது. ஓ.மு., ப.மு., நி.மு. என்ற தேர்வு கோப்பைத் திறக்கும்போதே மென்பொருளில் கட்டாயமாக இருக்க வேண்டும். நிரந்தரம் என்று குறித்த கோப்பு, முடிந்த சில ஆண்டுகளுக்குள் ஒரு நகலாவது காப்பகத்துக்குப் போய்விட வேண்டும். அலுவலகம் மூலத்தைப் பயன்படுத்திக்கொண்டிருப்பது அதற்குத் தடையில்லை. ஒரே கோப்பு இரண்டு இடத்தில் இருக்க முடிவது மின்வடிவத்துக்கு உள்ள பெரிய சலுகை.

பொதுமக்கள் கையிலும் ஒரு கருவி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 4(1)(அ) பிரிவு, ஒவ்வொரு பொது அமைப்பும் தன் பதிவுகளை முறையாகப் பட்டியலிட்டு, அட்டவணைப்படுத்தி வைக்க வேண்டும் என்கிறது. எந்தெந்த மின்பதிவை எத்தனை ஆண்டு வைத்திருக்கிறீர்கள், எந்த வடிவில், காப்பகத்துக்கு எப்போது ஒப்படைப்பீர்கள் என்று எந்த அலுவலகத்திடமும் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். பதில் எழுத வேண்டிய நிலை வந்தால்தான் பல அலுவலகங்கள் அந்தக் கேள்வியைத் தங்களுக்குள் முதல்முறையாகக் கேட்டுக்கொள்ளும்.